ராடு பேரிங்: சத்தம் வரும்வரை காத்திருக்கலாமா?

வாசகர் கேள்வி - பதில்

பிஎம்டபிள்யூவின் பழைய எம்3 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களுக்கு "ராடு பேரிங் மாற்றின பில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்" என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள். அதனால் இந்த முறை முழுக்க இதே விஷயம்தான்.

கேள்வி: 2009 பிஎம்டபிள்யூ எம்3, இ92 கூபே வாங்கியிருக்கிறேன். 1,10,000 கிலோமீட்டர் ஓடியது. சத்தம் இல்லை, புகை இல்லை, ஆயிலும் அதிகம் குடிப்பதில்லை. ஒர்க்‌ஷாப்காரர் ராடு பேரிங்கை இப்போதே மாற்றிவிடச் சொல்கிறார், 4,500 கனடிய டாலர் கேட்கிறார். நன்றாக ஓடுகிற இன்ஜினை ஏன்டா கழற்றுகிறாய் என்கிறான் மச்சான். யார் சொல்வதைக் கேட்பது?
*- டொராண்டோ வாசகர்*

பதில்: ஒர்க்‌ஷாப்காரர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் மச்சான் சொல்வது பத்தில் ஒன்பது கார்களுக்குச் சரிதான், நானும் அதைத்தான் சொல்வேன். உங்களிடம் இருப்பது பத்தாவது கார்.

அந்த பானெட்டுக்குக் கீழே இருப்பது எஸ்65, 3,999 சிசி வி8. டர்போ எதுவும் இல்லாமல் 8,300 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 8,300 சுற்று) 420 குதிரைசக்தி கொடுக்கிறது, 8,400 வரை சுற்ற விடுகிறது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு, பிஸ்டனின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்கோடு சேருகிற இடத்தில் இரண்டு அரைவட்டத் தகடுகள் இருக்கும், அதைத்தான் ராடு பேரிங், ஷெல் என்கிறோம். பந்தும் கிடையாது உருளையும் கிடையாது, வெறும் தகடு. கிராங்க் அதன் மேல் உரசி ஓடுவதில்லை, நடுவில் இருக்கிற ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் ஓடுகிறது. தண்ணீர் தேங்கின ரோட்டில் வேகமாகப் போனால் டயர் தரையைத் தொடாமல் மிதக்குமே, அதே சங்கதிதான். அங்கே மிதந்தால் ஆபத்து, இங்கே மிதக்காவிட்டால் ஆபத்து.

அந்தப் படலத்துக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் சண்டையே. இன்ஜின் கட்டுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு, கிராங்க்கின் ஓர் அங்குல விட்டத்துக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. எஸ்65-ல் அந்த இடத்தின் விட்டம் 52 மில்லிமீட்டர், அப்படியானால் 0.05 மில்லிமீட்டர் வேண்டும். கழற்றி அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் 0.03-ஐ ஒட்டி. அதோடு கம்பெனி ஊற்றச் சொல்வது 10டபிள்யூ-60, கார் ஆயில்களிலேயே கெட்டியான ரகங்களில் ஒன்று. குறைந்த இடைவெளி, கெட்டி ஆயில், எட்டாயிரத்துக்கு மேல் சுற்று, மூன்றும் சேர்ந்ததால்தான் தேய்மானம் என்பது ஒரு கட்சி. இல்லை, ஆயில் சூடாகும் முன்பே முறுக்குகிறவர்களும், 25,000 கிலோமீட்டர் வரை ஆயில் மாற்றாமல் ஓட்டுகிறவர்களும்தான் காரணம் என்பது இன்னொரு கட்சி. பிஎம்டபிள்யூ இந்த இன்ஜினுக்கு இதற்காக ரீகால் (குறையைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்பக் கூப்பிடுவது) எதுவும் அறிவிக்கவில்லை. எனக்கு முதல் கட்சியின் வாதம்தான் வலுவாகப் படுகிறது, ஆனால் நீங்கள் முடிவெடுக்க இந்தச் சண்டை தீர வேண்டிய அவசியமில்லை.

ஏனென்றால் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. எட்டு ஜோடி ஷெல்லும் பதினாறு போல்ட்டும் மொத்த இன்ஜின் விலையில் ஒரு துளி. நீங்கள் கொடுக்கப் போகும் பணத்தில் பெரும்பகுதி கூலி. ஆனால் அந்தத் தகடு போனால் தனியாகப் போகாது, கிராங்க்கைக் கீறும், ராடை நீலம் பாயுமளவு சூடாக்கும், கெட்ட நாளாக இருந்தால் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அப்புறம் பழைய இன்ஜின் தேடுவீர்கள், கிடைத்தால் அதிலும் இதே பேரிங்தான் இருக்கும், அது எந்த நிலைமையில் இருக்கிறது என்று விற்கிறவருக்கும் தெரியாது.

"சத்தம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்கவும் முடியாது. இந்தக் காரில் ஆயில் பிரஷர் மீட்டர் கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது காரியம் முடிந்திருக்கும். தட்டுகிற சத்தம் கேட்கிறது என்றால் இடைவெளி ஏற்கெனவே பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். தேய்மானத்தின் முதல் முக்கால் பங்கு சத்தமே இல்லாமல் நடக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மேல் பூச்சு போய் உள்ளே இருக்கும் செம்பு தெரியத் தேய்ந்த ஷெல் படங்கள் நிறைய பார்த்திருப்பீர்கள். 1,00,000 கிலோமீட்டரில் கழற்றி, ஷெல் புதுசு மாதிரி இருந்தவர்கள் அவ்வளவாகப் படம் போடுவதில்லை. ஆக, உங்கள் இன்ஜின் நாளைக்கே வெடிக்கப் போகிறது என்று தூக்கம் கெட வேண்டாம். இந்த வசந்த காலத்துக்குள் செய்து முடியுங்கள், போதும். முன்பக்கம் இன்ஜினைத் தாங்கும் சட்டமான சப்-ஃபிரேமை இறக்கித்தான் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்ற முடியும், அதனால் இன்ஜின் மவுண்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான். கழற்றிய ஷெல்களை சிலிண்டர் எண் எழுதித் திருப்பித் தரச் சொல்லுங்கள். தர மாட்டேன் என்றால் வேறு கடை.

டொராண்டோ என்பதால் இன்னொன்று. ஆயிலில் "10டபிள்யூ" என்ற தரத்துக்கு ஸ்டார்ட் ஆகும் சோதனையை மைனஸ் 25 டிகிரியிலும், பம்ப் ஆகும் சோதனையை மைனஸ் 30-லும் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் இன்ஜின் சுற்றும், ஆயிலும் எப்படியோ போய்ச் சேரும், ஆனால் மெதுவாக. ஜனவரியில் இந்தக் காரை ஷெட்டில் போட்டு, வேறு வண்டியில் போவதுதான் நல்லது.

கேள்வி: என்னுடையது இ46 எம்3, 2002 மாடல். முதல் உரிமையாளர் காலத்தில் கம்பெனியே பேரிங் மாற்றிக் கொடுத்ததாகச் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. மறுபடியும் மாற்ற வேண்டுமா?
*- லண்டன் வாசகர்*

பதில்: புத்தகத்தில் இருப்பது உண்மைதான், உங்கள் எம்3-ல் இருக்கும் எஸ்54 இன்ஜின்கள் அந்தக் காலத்தில் தொடர்ந்து உடைந்ததால் பிஎம்டபிள்யூ தானே கூப்பிட்டு ஷெல்லை மாற்றிக் கொடுத்தது. அது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று போட்டதும் தேயும் பொருள்தானே. ஒரு தடவை மாற்றியாயிற்று என்பது ஆயுள் காப்பு இல்லை.

இந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒரு விதத்தில் வி8-ஐ விடக் கொடுமையாக உழைக்கிறது. பிஸ்டன் ஒரு தடவைக்கு 91 மில்லிமீட்டர் மேலும் கீழும் போகிறது, 8,000 ஆர்பிஎம்மில் அதன் சராசரி வேகம் வினாடிக்கு 24 மீட்டருக்கு மேல். எஸ்65-ல் இந்தத் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 75.2 தான், அதனால் 8,300-லேயே சுமார் 21 மீட்டர். பிஸ்டனை ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் திருப்புகிற பாரம் முழுக்க ராடு வழியாக ஷெல்லுக்குத்தான் வருகிறது, சுற்று கூடக் கூட அந்தப் பாரம் வர்க்கக் கணக்கில் ஏறும். 6,000-லிருந்து 8,400-க்குப் போனால் சுற்று நாற்பது சதவீதம்தான் அதிகம், பாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

கடைசியாக மாற்றி 60,000 மைல் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு வேலைக்கான பணம் என்றால், இ46-ல் முதலில் பின்பக்க சப்-ஃபிரேம் பொருந்துகிற தரைத் தகட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பேரிங் பேச்சில் அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: 2008 பிஎம்டபிள்யூ எம்5, வி10. ஆயில் மாற்றும்போதெல்லாம் அதில் தேய்ந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று லேபுக்கு அனுப்பிப் பார்க்கிறேன். போன முறை ஈயம் 9 பிபிஎம் (பத்து லட்சத்தில் 9 பங்கு), இந்த முறை 22. செம்பு கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. இப்போதே மாற்ற வேண்டுமா, அடுத்த ரிப்போர்ட் வரை பொறுக்கலாமா?
*- துபாய் வாசகர்*

பதில்: முதலில் ஒரு கேள்வி. இரண்டு தடவையும் அந்த ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது? போன முறை 5,000, இந்த முறை 12,000 என்றால் இந்த இரண்டு எண்ணும் ஏறத்தாழ ஒன்றுதான், பயப்பட ஒன்றும் இல்லை. ஒரே தூரம் என்றால் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, அப்போது நான் பொறுக்க மாட்டேன்.

எஸ்85 வி10 உங்கள் காரில் 507 குதிரைசக்தி தருகிறது, பிஸ்டன் விட்டமும் ஸ்ட்ரோக்கும் எம்3 வி8-ல் இருக்கிற அதே 92-க்கு 75.2. நோயும் அதே நோய்தான். 2008-ல் போட்ட ஷெல்லில் எஃகுத் தகட்டின் மேல் செம்பும் ஈயமும் கலந்த அடுக்கு, அதற்கு மேல் ஈயம் கலந்த மெல்லிய பூச்சு, தலைமுடியை விடவும் மெல்லியது. பூச்சுதான் முதலில் தேயும், அதனால் ஈயம் முதலில் ஏறும். உங்கள் ரிப்போர்ட் சொல்வது அதைத்தான் என்று தோன்றுகிறது.

லேப் ரிப்போர்ட்டை நம்பலாமா என்றால், அது குற்றம் சாட்டினால் நம்புங்கள், விடுதலை கொடுத்தால் அவ்வளவு நம்பாதீர்கள். அந்தக் கருவி சில மைக்ரான் அளவுள்ள பொடியைத்தான் பார்க்கும். தகடாக உரிந்து வருகிற பெரிய துண்டு அதன் கண்ணில் படாது, ஃபில்ட்டரில் போய் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்ட்டரைத் தூக்கிப் போடாமல், காகித மடிப்பை வெட்டி விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். துபாயில் வெயிலுக்கா பஞ்சம். மெல்லிய பொன்னிற மினுமினுப்பு தெரிந்து, அது காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் லேபுக்கு அனுப்பின காசு மிச்சம், நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம்.

இதே பக்கத்தைப் படிக்கும் 2011-க்குப் பிந்தைய எம்3 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் வாகனங்களில் ஈயத்துக்குச் சட்டம் கெடுபிடி காட்டியதால் ஷெல்லும் ஈயமில்லாத அலுமினியம் - வெள்ளீயத்துக்கு மாறிவிட்டது. உங்கள் ரிப்போர்ட்டில் ஈயம் பூஜ்யம் என்று இருந்தால் அதில் சந்தோஷப்பட எதுவும் இல்லை, தேய வேண்டிய ஈயமே உள்ளே கிடையாது. அலுமினியத்தைப் பார்க்கலாம் என்றால் பிஸ்டனும் பிளாக்கும்கூட அலுமினியக் கலவைதான், எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. உங்களுக்கு லேப் பாதி குருடு.

கேள்வி: ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230, ரீமேப் (சக்தியைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்திருக்கிறேன். நானும் பேரிங் மாற்ற வேண்டுமா?
*- கோவை வாசகர்*

பதில்: வேண்டாம். அந்த 2 லிட்டர் டர்போவுக்குப் பேரிங் தேயும் என்ற கெட்ட பெயர் கிடையாது. "பெர்ஃபாமன்ஸ் கார்" என்ற ஒரே காரணத்துக்காக யாராவது பேரிங் மாற்றச் சொன்னால் அவர் கடைக்கு வேலை தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் இருக்கிற இன்ஜினுக்குத்தான் இந்த மருந்து.

ஆனால் ரீமேப் என்றதால் சொல்கிறேன். கம்பெனி விட்ட நிலையிலேயே அது 1,500 ஆர்பிஎம் பக்கத்திலிருந்து 350 நியூட்டன் மீட்டர் தருகிறது, ரீமேப்பில் இன்னும் கூடியிருக்கும். ஆயில் படலம் தடிமனாக இருக்கச் சுற்று வேண்டும். சுற்று குறைவு, பாரம் அதிகம் என்றால் படலம் மெலியும். அவினாசி ரோட்டில் ஆறாவது கியரில் 1,400-ல் உருட்டிக்கொண்டு வந்து, முன்னால் லாரி விலகியதும் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கிறீர்களா? அதை நிறுத்துங்கள். ரெட் லைனில் ஓட்டுகிறவனைத் திட்டுகிற நம் ஆட்கள் இதை "மைலேஜ் டிரைவிங்" என்று பாராட்டுகிறார்கள். சூடான இன்ஜினில் எப்போதாவது 6,000 தொடுவதை விட இதுதான் ஷெல்லுக்குக் கெடுதல்.

கேள்வி: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது 2,500 பக்கத்தில் டக் டக் என்று சத்தம். மெக்கானிக் புது ஷெல் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். கிராங்க்கை வெளியே எடுக்க வேண்டாமாம்.
*- பினாங்கு வாசகர்*

பதில்: இன்ஜினை அணைத்துவிடுங்கள். வீட்டுக்கு ஓட்டிப் போகவும் வேண்டாம், டோ வண்டி கூப்பிடுங்கள்.

சத்தம் சுற்றோடு சேர்ந்து வேகமாகிறது, பாரம் ஏறி இறங்கும்போது கூடுகிறது என்றால் பெரும்பாலும் ராடு பேரிங்தான். கழற்றி கிராங்க் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தட்டினால் புது ஷெல் போடுவது வீண் செலவு, அந்தக் கீறலே புது ஷெல்லைத் தின்றுவிடும். கிராங்க் வெளியே வந்தாக வேண்டும், அளந்து, தேவைப்பட்டால் கிரைண்ட் பண்ணி அதற்கேற்ற அண்டர்சைஸ் ஷெல் போட வேண்டும். உரிந்த உலோகப் பொடி ஆயில் கூலர், ஆயில் பம்ப், குழாய் எல்லாவற்றிலும் போயிருக்கும், அவற்றைச் சுத்தம் செய்யாமல் இன்ஜினைக் கட்டினால் மறுபடி முதலிலிருந்து. சத்தம் வரும் முன் மாற்றுவதும் வந்த பின் மாற்றுவதும் ஒரே வேலை இல்லை. உங்கள் மெக்கானிக் முதல் வேலையின் விலையை இரண்டாவது வேலைக்குச் சொல்கிறார்.

கேள்வி: எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, 2022 ஜிஎம்சி யூக்கான், 6.2 லிட்டர் வி8. ரீகாலில் கொண்டுபோனேன். சோதித்துவிட்டு, இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று ஆயிலை மட்டும் 0டபிள்யூ-40-ஆக மாற்றி, ஆயில் ஊற்றும் இடத்து மூடியையும் புதிதாகப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஏமாற்று வேலையா?
*- ஹூஸ்டன் வாசகர்*

பதில்: கொஞ்சம் அப்படித்தான் தோன்றும், ஆனால் முழுக்க ஏமாற்று இல்லை. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகளைக் கூப்பிட்டது, 2021 முதல் 2024 வரையிலான சில்வராடோ, சியரா, டாஹோ, யூக்கான், எஸ்கலேட் எல்லாம் அதில் அடக்கம். காரணம், கனெக்டிங் ராடிலும் கிராங்க்கிலும் தயாரிப்புக் குறை. சோதனையில் தோற்ற வண்டிக்கு இன்ஜினைச் சரிசெய்வார்கள் அல்லது மாற்றுவார்கள், தேறின வண்டிக்கு 0டபிள்யூ-20-க்குப் பதில் கெட்டியான ஆயில். மூடியை மாற்றினது அதில் புது ஆயில் தரம் அச்சடித்திருப்பதால்தான்.

கெட்டி ஆயில் படலத்தைத் தடிமனாக்கும், அது நிஜம். கிராங்க் சரியாகக் கடையப்படவில்லை என்றால் ஆயில் அதைச் சரிசெய்யாது, அதுவும் நிஜம். ஹூண்டாய் கதை ஞாபகம் இருக்கிறதா? 2015-ல் 2011, 2012 சொனாட்டாக்களை ரீகால் செய்தார்கள், கிராங்க்கின் ஆயில் வழியில் கடைசலின்போது தங்கிவிட்ட உலோகச் சீவல் பேரிங்குக்குப் போகும் ஆயிலை அடைத்துக்கொண்டது. அதுவும் தேய்மானப் பிரச்சினை இல்லை, தொழிற்சாலைப் பிரச்சினைதான். உங்கள் வண்டிக்கு என் சிபாரிசு, ரீகால் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், ஆயிலைக் கம்பெனி சொல்வதில் பாதி தூரத்தில் மாற்றுங்கள், மாற்றுவதற்கெல்லாம் பில் வாங்குங்கள். நாளைக்குச் சண்டை போட அதுதான் உதவும். சொந்தச் செலவில் பேரிங் மாற்றும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், கம்பெனி தலையில் இருக்கும் பொறுப்பை நீங்களாகவே இறக்கிக்கொள்வீர்கள்.

கேள்வி: இ92 எம்3 பேரிங்கை வீட்டு கராஜிலேயே நானும் தம்பியும் சேர்ந்து மாற்றலாம் என்று இருக்கிறோம். பிரேக், கிளட்ச் எல்லாம் செய்து பழக்கம் உண்டு. முடியுமா?
*- மெல்பர்ன் வாசகர்*

பதில்: முடியும். இரண்டு வார இறுதி ஒதுக்குங்கள், ஒன்றில் முடிப்போம் என்று திங்கட்கிழமை ஆபீஸுக்கு அதே காரை நம்பி இருக்க வேண்டாம். இன்ஜினை மேலிருந்து தாங்குகிற சப்போர்ட் பார் கட்டாயம் வேண்டும், சப்-ஃபிரேம் போனதும் இன்ஜினுக்குக் கீழே பிடிமானம் எதுவும் இருக்காது. ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்காதீர்கள்.

கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஒரே துண்டாகச் செய்து, பிறகு உடைத்துப் பிரித்தவை. உடைந்த முகம் சொரசொரப்பாக, ஒன்றோடொன்று மட்டும் பொருந்தும்படி இருக்கும். ஆகவே ஒரு சிலிண்டரின் மூடி இன்னொன்றுக்குப் போகவே கூடாது, திருப்பியும் போடக் கூடாது, தரையில் முகம் படக் கவிழ்த்தும் வைக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு ராடை மட்டும் கழற்றி, மாற்றி, மூடிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பழைய ஷெல்லை எண் எழுதின அட்டையில் மேல் பாதி, கீழ் பாதி என்று வரிசையாக வையுங்கள். தம்பிக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.

பழைய போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம். இழுபட்டு இறுக்கம் பிடிக்கிற வகை அது, ஒரு தடவைதான். இறுக்கும்போது முதலில் டார்க் (குறித்த அளவு முறுக்கு விசை), பிறகு குறித்த கோணம் வரை திருப்புவது. கோணத்தைக் கண்ணால் பார்த்துத் திருப்புகிற வேலை இங்கே ஆகாது, ஆங்கிள் கேஜ் வாங்குங்கள். கொஞ்சம் கூடுதல் இடைவெளி வைத்த ஷெல்களையும் வேறு கம்பெனிகள் விற்கின்றன, நான் அதைத்தான் போடுவேன். எதைப் போட்டாலும் பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தைப் பார்த்து இடைவெளியை அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து ஒன்றிரண்டு ராடிலாவது அளந்து பாருங்கள், பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல். அளந்தபின் அதைத் துடைத்துவிட்டு, ஷெல் மேல் அசெம்பிளி லூப் (இன்ஜின் கட்டும்போது தடவும் மசகு) தடவி மூடுங்கள்.

எல்லாம் மூடி 8.8 லிட்டர் ஆயிலும் ஊற்றியபின் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, சில விநாடி சுற்றி, கொஞ்சம் நிறுத்தி மறுபடி சுற்றுங்கள், ஆயில் மேலே ஏறட்டும். இந்தக் காரில் டிப்ஸ்டிக் கிடையாது, ஆயில் மட்டத்தை எலக்ட்ரானிக் சென்சார்தான் சொல்லும், அதுவும் இன்ஜின் சூடானபின். அதனால் ஊற்றும்போதே அளந்து ஊற்றுங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் அந்த ஆயிலை இறக்கி ஃபில்ட்டரை வெட்டிப் பாருங்கள். முதல் தடவை கொஞ்சம் மினுமினுப்பு இருந்தால் பதற வேண்டாம், அடுத்த தடவையும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், ஃபில்ட்டர் படத்தோடு.